ஒரு ஃபைல் ஏன் டிஸ்க் மாதிரி நடிக்கிறது?

விண்டோஸிலிருந்து மேக்குக்கு மாறிய யாரைக் கேட்டாலும், முதல் வாரக் குழப்பங்களில் இது கண்டிப்பாக இருக்கும். ஃபயர்பாக்ஸ் டவுன்லோடு செய்கிறீர்கள். டிஎம்ஜி என்று முடியும் ஒரு ஃபைல் வந்து சேர்கிறது. அதை டபுள் கிளிக் செய்தால் டெஸ்க்டாப்பில் புதிதாக ஒரு டிஸ்க் முளைக்கிறது. நீங்கள் பென் டிரைவ் எதையும் செருகவில்லை. ஒரு ஜன்னல் திறக்கிறது. இடப்பக்கம் ஃபயர்பாக்ஸ் ஐகான், வலப்பக்கம் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டர், நடுவில் ஒரு அம்புக்குறி. "நெக்ஸ்ட்" பொத்தான் எங்கேன்னு தேடுவீர்கள். கிடையாது. இங்கேயிருந்து அங்கே இழுத்துப் போடணும், அவ்ளோதான். அப்புறம் இல்லாத அந்த டிஸ்க்கை "எஜெக்ட்" வேற பண்ணணும்.

பலர் இழுத்துப் போடுவதே இல்லை. அந்த ஜன்னலுக்குள்ளேயே ஐகானைக் கிளிக் செய்து ஓட்டிவிடுவார்கள். அதுவும் ஓடும். மெஷினை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் "என் புரோகிராம் எங்கே போச்சு?" என்று கேள்வி வரும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஏழெட்டு டிஎம்ஜி ஃபைல்களை வைத்துக்கொண்டு, தினமும் காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து வேலையைத் தொடங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. டிஸ்க் மாதிரி ஒன்றைக் கண்ணுக்குக் காட்டிவிட்டு, அதைத் திறக்காதேன்னா எப்படி?

விண்டோஸ் பக்கம் இந்தக் குழப்பம் கிடையாது. செட்டப்.எக்ஸ்இ, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, ஃபினிஷ். ஆனால் அந்த நாலு கிளிக்கில் உங்கள் மெஷினுக்குள் என்னென்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பழைய நாட்களில் அந்த இன்ஸ்டாலரை எழுதியவருக்கே முழுசாகத் தெரியாது.

ஒரே வேலைக்கு ஏன் இப்படி இரண்டு வழிகள் என்று தேடப்போனால், 1980-களில் எடுத்த சில முடிவுகளில் போய் நிற்கிறோம். ஒரு புரோகிராம் மெஷினுக்குள் எங்கே வசிக்கிறது? ஒரே இடத்திலா, நாலா பக்கமும் சிதறியா? இதற்கு ஆப்பிள் ஒரு பதில் வைத்திருந்தது, மைக்ரோசாஃப்ட் வேறொரு பதில் வைத்திருந்தது.

1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷில் 128 கேபி மெமரி, 400 கேபி பிடிக்கும் ஒரே ஒரு ஃப்ளாப்பி டிரைவ். ஹார்ட் டிஸ்க் கிடையாது. அந்த 400 கேபிக்குள் சிஸ்டமும் இருக்கணும், புரோகிராமும் இருக்கணும், நீங்கள் எழுதும் கடிதமும் இருக்கணும். அதனால் ஒரு புரோகிராம் என்பது ஒரே ஃபைலாக, ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போடக்கூடியதாக இருந்தது. இதற்காக மேக் ஃபைல்களுக்கு இரண்டு கிளைகள் வைத்தார்கள். ஒன்று டேட்டா ஃபோர்க், சாதாரணமாக மற்ற எல்லா கம்ப்யூட்டரிலும் ஃபைல் என்றால் என்னவோ அது. இன்னொன்று ரிசோர்ஸ் ஃபோர்க். ஐகான், மெனுவில் வரும் வார்த்தைகள், டயலாக் பெட்டிகள், படங்கள் எல்லாம் தனித்தனிச் சரக்காக அதற்குள் அடுக்கப்பட்டிருக்கும். புரோகிராமின் கோடே ரிசோர்ஸ் ஃபோர்க்கில்தான் இருந்தது. அன்றைய மேக் புரோகிராம் பலவற்றில் டேட்டா ஃபோர்க் காலியாகவே கிடக்கும்.

பயனருக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஐகான். அதை இழுத்து வேறு டிஸ்க்கில் போட்டால் புரோகிராம் அங்கே போய்விட்டது. குப்பைத் தொட்டியில் போட்டால் போயே போய்விட்டது. சிஸ்டத்துக்கும் சில பெரிய மென்பொருள்களுக்கும் இன்ஸ்டாலர் இருந்ததுதான். ஆனாலும் காப்பி செய்வதுதான் இன்ஸ்டால் என்ற பழக்கம் மேக் ஆட்களிடம் அவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டே மேக்குக்கான ஆபீஸ் 98-ஐ இழுத்துப் போட்டு இன்ஸ்டால் செய்யும்படிதான் கொடுத்தது. முதல் தடவை ஓடும்போது மிச்ச சொச்ச ஃபைல்களை அதுவே தனக்குத் தேவையான இடத்தில் வைத்துக்கொள்ளும். விண்டோஸில் அதே ஆபீஸ் என்ன பாடுபடுத்தியது என்று தெரிந்தவர்களுக்கு இதைப் படித்தால் கொஞ்சம் வயிறு எரியும்.

ஃபைல் ஃப்ளாப்பியை விட்டு வெளியே போகும்போதுதான் சிக்கல் வந்தது. மோடம் வழியாக புல்லட்டின் போர்டுக்கோ, பல்கலைக்கழக யுனிக்ஸ் சர்வருக்கோ ஒரு மேக் புரோகிராமை அனுப்பினால், அந்தப் பக்கம் இருக்கும் மெஷினுக்கு ஃபைல் என்றால் ஒரே கிளைதான். இரண்டாவது கிளையை என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. அதை விட்டுவிட்டு மற்றதை வாங்கி வைத்துக்கொள்ளும். முழு புரோகிராமும் ரிசோர்ஸ் ஃபோர்க்கில் இருந்ததால், போய்ச் சேருவது பூஜ்ய பைட் கொண்ட ஒரு காலி ஃபைல். பெயர் மட்டும் சரியாக இருக்கும்!

இதற்கு மருந்தாக வந்தவைதான் பின்ஹெக்ஸ், மேக்பைனரி, ஸ்டஃப்இட் எல்லாம். இரண்டு கிளைகளையும் ஒன்றாகக் கட்டி ஒரே ஓட்டமாக மாற்றுவதுதான் இவற்றின் அடிப்படை வேலை. இவற்றில் ஸ்டஃப்இட்டை 1987-இல் எழுதிய ரேமண்ட் லாவ் அப்போது நியூயார்க்கில் பள்ளி மாணவர். பத்து வருஷத்துக்கு மேல் மேக் உலகத்தின் டவுன்லோடுகள் அந்தப் பையன் ஆரம்பித்த வடிவத்தில்தான் சுற்றின.

ஆப்பிளிடம் இன்னொரு வழி இருந்தது. டிஸ்க் காப்பி என்ற கருவி. ஒரு ஃப்ளாப்பியின் எல்லா செக்டார்களையும் வரிசையாகப் படித்து ஒரே ஃபைலாக எழுதிவிடும். மறுமுனையில் அதை வெற்று ஃப்ளாப்பியில் திரும்ப எழுதிக்கொள்ளலாம். ஃபோர்க், ஐகான் எந்த மூலையில் இருக்க வேண்டும், ஜன்னல் எந்த அளவில் திறக்க வேண்டும் என்று எல்லாமே டிஸ்க்குக்குள் பதிவானவை என்பதால் அப்படியே வந்துவிடும். வழியில் இருக்கும் மெஷினுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று புரிய வேண்டிய அவசியமே இல்லை. கொஞ்ச நாளில் "திரும்ப ஃப்ளாப்பியில் எதற்கு எழுதணும்? இந்த ஃபைலையே டிஸ்க் என்று சிஸ்டத்திடம் சொல்லிவிட்டால் என்ன?" என்ற இடத்துக்கு வந்தார்கள். தலைப்பில் கேட்ட நடிப்பு அங்கேதான் தொடங்கியது.

இதில் ஒரு வேடிக்கை. 1990-களில் ஆப்பிள் கொண்டுவந்த என்டிஐஎஃப் என்ற இமேஜ் வடிவம், எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத் தன்னுடைய சொந்த ரிசோர்ஸ் ஃபோர்க்கில் வைத்துக்கொண்டது. ஃபோர்க் தொலையாமல் இருக்க ஒரு பெட்டி செய்தார்கள், அந்தப் பெட்டிக்கே ஒரு ஃபோர்க்! அதை நெட்டில் அனுப்ப மறுபடியும் மேக்பைனரியில் சுற்ற வேண்டியிருந்தது. மேக் ஓஎஸ் எக்ஸோடு வந்த யுடிஐஎஃப் வடிவத்தில்தான், அதாவது இன்றைய டிஎம்ஜியில்தான், எல்லாம் டேட்டா ஃபோர்க்குக்குள் வந்தது. ஒரு டிஎம்ஜி ஃபைலின் கடைசி 512 பைட்டுகளை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள், "கோலி" என்று படிக்கும்படி நாலு ஆங்கில எழுத்துகளோடு அது ஆரம்பிக்கும். அட்டவணை எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரிச் சீட்டு அது. பெரும்பாலான வடிவங்கள் இதைத் தலையில் வைக்கும், டிஎம்ஜி வாலில் வைத்திருக்கிறது.

2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது ரிசோர்ஸ் ஃபோர்க்கின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆப்பிள் 1996 டிசம்பரில் வாங்குவதாக அறிவித்த நெக்ஸ்ட் நிறுவனத்தின் பழக்கம் உள்ளே வந்தது. அதில் ஒரு அப்ளிகேஷன் என்பது உண்மையில் ஒரு ஃபோல்டர். கோடு, ஐகான், மொழிபெயர்ப்புகள் எல்லாம் உள்ளே தனித்தனி ஃபைல்களாக இருக்கும், ஃபைண்டர் மட்டும் அதை ஒரே ஐகானாகக் காட்டும். பழைய மேக்கின் அதே வாக்குறுதி, வேறு பொறியியல். ஆனால் ஃபோல்டரை அப்படியே டவுன்லோடு செய்ய முடியாதே. அதனால் சுற்றிக் கொடுக்க ஒரு பெட்டி மறுபடியும் தேவைப்பட்டது, டிஎம்ஜி கையிலேயே இருந்தது. 1998-இல் வந்த ஐமேக்கிலேயே ஃப்ளாப்பி டிரைவை எடுத்துவிட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். நிஜ ஃப்ளாப்பி போன பிறகுதான் பொய் டிஸ்க்குக்கு நல்ல வாழ்வு வந்தது.

(மேக்கில் செய்த ஜிப் ஃபைலை விண்டோஸில் திறந்தால், பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டு மேக்ஓஎஸ்எக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் கூடவே வருமே, "இது என்ன குப்பை?" என்று அழித்திருப்பீர்கள். அது 1984-இன் இரண்டாவது கிளையின் மிச்சம்.)

சரி, விண்டோஸ் பக்கம் வருவோம். டாஸ் காலத்தில் அங்கேயும் பல புரோகிராம்களுக்குக் காப்பி செய்வதுதான் இன்ஸ்டால். கதை மாறியது டிஎல்எல்லால். பத்து புரோகிராம்களுக்குப் பொதுவான கோடு இருந்தால், அதைப் பத்து தடவை டிஸ்க்கிலும் மெமரியிலும் வைக்காமல், விண்டோஸ் டைரக்டரிக்குள் இருக்கும் சிஸ்டம் டைரக்டரியில் ஒரே தடவை வைத்து எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற யோசனை. 4 எம்பி மெமரியில் விண்டோஸ் 3.1 ஓட்டிய நாட்களில் இது அற்பக் கஞ்சத்தனம் இல்லை, பிழைக்கும் வழி. ஆனால் விலை என்ன? புரோகிராம் இனிமேல் ஒரே இடத்தில் இல்லை. தண்ணீரில் போட்ட உப்பு மாதிரி சிஸ்டத்துக்குள் கரைந்துவிடுகிறது. எடுத்துக் கொடு என்றால் எதை எடுப்பது?

விஷுவல் பேசிக் 3-இல் எழுதிய சின்னச் சின்ன ஷேர்வேர்கள் எல்லாவற்றுக்கும் விபிரன்300 என்ற டிஎல்எல் தேவை. உங்களிடம் அது ஏற்கனவே இருக்கிறதா? எந்த வெர்ஷன்? பழசு என்றால் மாற்றணும், புதுசு என்றால் கை வைக்கக் கூடாது. ஃப்ளாப்பியில் இடம் மிச்சம் பிடிக்க ஃபைல்களைச் சுருக்கி, பெயரின் கடைசி எழுத்துக்குப் பதில் ஒரு அடிக்கோடு போட்டு அனுப்புவார்கள். அதை விரிக்கணும். அப்புறம் ஐஎன்ஐ ஃபைலில் எழுதணும், ஐகான் வைக்கணும், விண்டோஸ் 95 வந்த பிறகு ரெஜிஸ்ட்ரியில் வேறு பதியணும். இதையெல்லாம் பயனர் கையால் செய்ய முடியாது என்பதால்தான், இன்ஸ்டால் செய்வதற்கென்றே இன்னொரு புரோகிராம் பிறந்தது. ஸ்டர்லிங் என்ற பெயரில் தொடங்கிய ஒரு அமெரிக்க நிறுவனம் இந்த வேலைக்கான கருவியைச் செய்து விற்றது. கடைசியில் கருவியின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது: இன்ஸ்டால்ஷீல்டு. திரை முழுக்க மேலிருந்து கீழே அடர்ந்து போகும் அந்த நீலப் பின்னணி என் வயதுக்காரர்களுக்கு மறக்காது.

வெர்ஷன் பார்க்காமல் டிஎல்எல்லை மேலெழுதும் இன்ஸ்டாலர்கள் ஏராளம். ஒரு கேமை இன்ஸ்டால் செய்தால் வேறெங்கோ பிரிண்டிங் நின்றுபோகும். இதற்கு "டிஎல்எல் நரகம்" என்றே பெயர். விண்டோஸ் 95 குழு இதை எப்படிச் சமாளித்தது என்று மைக்ரோசாஃப்ட்டின் ரேமண்ட் சென் தன் வலைப்பதிவில் எழுதியிருக்கிறார். சிஸ்டம் ஃபைலை மேலெழுத விடாமல் தடுத்துப் பார்த்தார்களாம், இன்ஸ்டாலர்கள் ஒத்துழைக்கவில்லை. கடைசியில், "நீ என்ன வேண்டுமானாலும் பண்ணு" என்று விட்டுவிட்டு, இன்ஸ்டாலர் முடிந்த பிறகு, ஒளித்துவைத்த ஒரு டைரக்டரியிலிருந்து சரியான ஃபைல்களை எடுத்து மறுபடி அதனதன் இடத்தில் வைப்பது என்று முடிவு செய்தார்கள். விருந்தாளி போன பிறகு வீட்டை ஒழுங்கு செய்கிற கதைதான். எனக்கு இது மிகவும் பிடித்த பொறியியல் முடிவுகளில் ஒன்று. யாரையும் திருத்த முயலவில்லை.

இன்ஸ்டாலர்கள் எவ்வளவு நாள் சிஸ்டத்தைப் பின்தொடர்ந்தன என்பதற்கு இன்னொரு உதாரணம். 64-பிட் விண்டோஸில் 16-பிட் புரோகிராம் எதுவும் ஓடாது. ஆனால் 1990-களின் பிற்பகுதியில் வந்த பல 32-பிட் மென்பொருள்களுக்கு இன்ஸ்டாலர் மட்டும் 16-பிட்டிலேயே இருந்தது. விண்டோஸ் 3.1 மெஷினில் போட்டாலும் "இது இங்கே ஓடாது" என்று ஒழுங்காகச் சொல்லட்டுமே என்பதற்காக. மென்பொருள் ஓடும், அதை உள்ளே கொண்டுவரும் கதவு திறக்காது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? குறிப்பிட்ட சில 16-பிட் இன்ஸ்டால்ஷீல்டு இயந்திரங்களை அடையாளம் கண்டுகொண்டு, சத்தமில்லாமல் 32-பிட் மாற்று ஒன்றை ஓட்டும் ஏற்பாட்டை 64-பிட் விண்டோஸுக்குள்ளேயே வைத்தது. விஸ்டாவில் இதைவிட ஒரு படி மேலே. ஒரு புரோகிராம் இன்ஸ்டாலரா இல்லையா என்று ஊகிக்க, ஃபைல் பெயரில் "இன்ஸ்டால்", "செட்டப்", "அப்டேட்" மாதிரி வார்த்தைகள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அட்மின் அனுமதி கேட்கும். யுனிக்ஸிலிருந்து வந்த "பேட்ச்" என்ற அப்பாவிக் கருவி இதில் மாட்டிக்கொண்டு, புரோகிராமர்களை வருஷக்கணக்கில் எரிச்சலூட்டியது.

ஆபீஸ் 2000-உடன் வந்த எம்எஸ்ஐ, என்னென்ன செய்யணும் என்பதை ஒரு டேட்டாபேஸாக எழுதிக் கொடு, செய்கிற வேலையை விண்டோஸ் பார்த்துக்கொள்ளும் என்று முறைப்படுத்தப் பார்த்தது. எம்எஸ்ஐ செய்வதற்கான விக்ஸ் கருவியை 2004 ஏப்ரலில் வெளியிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் சோர்ஸ்ஃபோர்ஜில் ஓப்பன் சோர்ஸாக விட்ட முதல் புராஜெக்ட் அதுதான். சின்ன டெவலப்பர்கள் பலர் அந்தப் பக்கம் போகவில்லை. விண்ஆம்ப் செய்த நல்சாஃப்ட் தன் தேவைக்கு எழுதிய என்எஸ்ஐஎஸ், ஜோர்டன் ரஸ்ஸல் 1997-இல் வெளியிட்ட இன்னோ செட்டப், இந்த இரண்டு இலவசக் கருவிகளும் அவர்களுக்குப் போதுமாக இருந்தன.

இதுவரை சொன்னது இடம், மெமரி, ஃபோர்க் எல்லாம். ஆனால் இன்ஸ்டாலர் என்பது வேறொரு விஷயமும் கூட: முன்பின் தெரியாத ஒருவருக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பது. எக்ஸ்பி காலத்தில் வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் எல்லோரும் அட்மின். பிரவுசிங் சென்டரில் மட்டும்தான் வேறு மாதிரி. அங்கே எ-கலப்பை போட்டுத் தமிழில் தட்டலாம் என்று போனால், அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், கல்லாவில் இருக்கும் அண்ணனிடம் கெஞ்சணும். அவர் தயங்கியது சரிதான் என்று இப்போது படுகிறது. அந்தச் சாவியை வைத்து ஒரு கீபோர்டையும் போடலாம், எதையும் போடலாம். உதாரணம் வேண்டுமானால், சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தின் விளம்பரங்கள் பிடிக்காமல் ஜிம்ப்பின் விண்டோஸ் பதிப்பைச் செய்தவர்கள் 2013-இல் அங்கிருந்து வெளியேறினார்கள். 2015 மே மாதம் பார்த்தால், அவர்கள் விட்டுப்போன பக்கத்தைத் தளமே எடுத்துக்கொண்டு, ஜிம்ப் இன்ஸ்டாலரைச் சுற்றி விளம்பர மென்பொருள்களையும் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போகிற கையின் பழக்கம்தான் மூலதனம்.

மேக்கில் இழுத்துப் போடுவதுதானே, அங்கே பயமில்லை என்று நினைத்தவர்களுக்கு 2016 மார்ச்சில் அடி விழுந்தது. டிரான்ஸ்மிஷன் என்ற டோரன்ட் மென்பொருளின் அதிகாரபூர்வத் தளத்திலேயே யாரோ 2.90 பதிப்பின் டிஎம்ஜியை மாற்றி வைத்தார்கள். உள்ளே கீரேஞ்சர் என்ற ரான்சம்வேர். மூன்று நாள் சும்மா இருக்கும், பிறகு ஃபைல்களைப் பூட்டிவிட்டு ஒரு பிட்காயின் கேட்கும். ஆப்பிள் கொடுத்த செல்லுபடியாகும் சான்றிதழால் அது கையெழுத்திடப்பட்டிருந்தது என்பதுதான் இதில் கசப்பு. அடுத்த வருஷம் மே மாதம் ஹேண்ட்பிரேக்கின் ஒரு மிரர் சர்வரில் இதே கதை. அதை இன்ஸ்டால் செய்தவர்களில் ஒருவர் பானிக் நிறுவனத்தின் நிறுவனர், அவர்களுடைய மென்பொருள்களின் சோர்ஸ் கோடு திருடுபோனது. அத்தனை வருஷம் மேக் மென்பொருள் எழுதிய ஆளே ஏமாந்தார் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

விண்டோஸும் டிஸ்க் இமேஜால் பட்டிருக்கிறது. விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓ ஃபைலை டபுள் கிளிக் செய்தால் அது டிஸ்க்காகத் திறக்கும். நெட்டிலிருந்து வந்த ஃபைலுக்கு விண்டோஸ் ஒரு அடையாளம் ஒட்டும், அதைப் பார்த்துத்தான் "இதை ஓட்டலாமா?" என்று எச்சரிக்கும். ஆனால் அந்த அடையாளம் ஐஎஸ்ஓவின் மேல் மட்டும்தான் ஒட்டியது, உள்ளே இருந்த எக்ஸ்இயின் மேல் இல்லை. கவருக்கு முத்திரை, கடிதத்துக்கு இல்லை. தாக்குபவர்கள் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள், 2022 நவம்பரில்தான் மைக்ரோசாஃப்ட் இந்த ஓட்டையை அடைத்தது.

ஆப்பிளின் பதில் படிப்படியாக வந்தது. 2012-இல் கேட்கீப்பர். 2016-இல், டவுன்லோடு செய்த இடத்திலிருந்தே நேராக ஓட்டும் அப்ளிகேஷனை யாருக்கும் தெரியாத ஒரு தற்காலிக இடத்திலிருந்து ஓட்டும் ஏற்பாடு. டிஎம்ஜிக்குள் பக்கத்தில் வைத்த வேறு ஃபைல்களைக் காட்டி ஒரு நல்ல அப்ளிகேஷனையே ஏமாற்ற முடியும் என்று கண்டுபிடித்ததால் இது. 2019-இன் கேட்டலினாவிலிருந்து, வெளியில் விநியோகிக்கும் புது மென்பொருளை முதலில் ஆப்பிளுக்கு அனுப்பி நோட்டரி முத்திரை வாங்கணும். 2024-இன் செக்கோயாவில், முத்திரை இல்லாததைக் கன்ட்ரோல் கிளிக் செய்து திறக்கும் குறுக்கு வழியையும் எடுத்துவிட்டார்கள், இப்போது செட்டிங்ஸுக்குள் போய் அனுமதி தரணும். முத்திரை வாங்க டெவலப்பருக்கு வருஷம் 99 டாலர். இலவசமாக ஒரு தமிழ் அகராதியோ, கீபோர்டோ செய்து தருகிற ஆளுக்கு அது சின்னத் தொகை இல்லை. எனக்கு இதில் இரண்டு மனசு. கீரேஞ்சரைப் பார்த்த பிறகு இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ஒரு டிஸ்க்கை நண்பர் கையில் கொடுத்தால் போதும் என்றிருந்த ஒன்றுக்கு, நடுவில் ஒரு நிறுவனத்தின் சம்மதம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதே கேட்டலினாவில் இன்னொன்றும் போனது. 1985 முதல் மேக் டிஸ்க்குகளில் இருந்த பழைய எச்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கும் வசதி. அதனால் 1990-களில் செய்த ஒரு ஃப்ளாப்பி இமேஜை இன்றைய மேக்கிடம் கொடுத்தால், உள்ளே இருப்பதை அதனால் படிக்க முடியாது. ஆனால் எமுலேட்டருக்கு அந்த ஃபைல் போதும், அது நிஜ டிஸ்க்கையா கேட்கிறது? 2017-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் பழைய மேக் மென்பொருள்களைப் பிரவுசரிலேயே ஓடும்படி வைத்தது. போய்ப் பாருங்கள். விண்டோஸ் மெஷினிலும் ஓடும். கருப்பு வெள்ளைத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு டிஸ்க் ஐகான் வரும், டபுள் கிளிக் செய்தால் மேக்பெயின்ட் திறக்கும். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.